அதே சாம்பார்

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருக்கும் ரத்னா கபேயில் இரண்டு இட்லி கேட்டால், குழிவான தட்டு நிறையச் சாம்பார் வரும். இட்லி அதற்குள் முங்கிக் கிடக்கும். ஸ்பூனால் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, அடுத்த விள்ளலுக்குப் போவதற்குள் சாம்பார் மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தால் போதும், சப்ளையர் பாத்திரத்தோடு பக்கத்தில் வந்து நிற்பார். வேண்டுமா என்று பெரும்பாலும் கேட்பதுகூட இல்லை. தட்டின் மேல் கையை நீட்டி மறைத்தால் நகர்வார். இல்லையென்றால் ஊற்றிவிட்டுத்தான் அடுத்த மேசை.

1948இல் இந்தக் கடையைத் தொடங்கியவர் ஜக்தீஷ் பிரசாத் குப்தா. உத்தரப் பிரதேசத்து மதுராவிலிருந்து, அதாவது நம் பெரியவர்கள் வடமதுரை என்று சொல்லும் ஊரிலிருந்து வந்தவர். அந்த ஊர்க்காரர் சென்னைக்கு வந்து சாம்பாருக்குப் பேர் வாங்கினார் என்பதை உள்ளூர்க்காரர்கள் இன்றும் பாதிப் பெருமையோடும் பாதிச் சங்கடத்தோடும்தான் சொல்கிறார்கள். சாம்பார் இட்லி கிடைக்காத தெரு சென்னையில் கிடையாது. இதைவிட நல்ல சாம்பார் எங்கள் வீட்டிலேயே வைப்போம் என்று சொல்கிறவர்களும் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இடம் பிடிக்கக் காத்திருக்கும் கூட்டத்தில் அவர்களையும் பார்க்கலாம்.

ருசிதான் காரணம் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆனால் புதிதாகத் திறந்த கடையில் பிரமாதமாகச் சாப்பிட்டு, நாலு பேரிடம் புகழ்ந்துவிட்டு, பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத அனுபவம் யாருக்குத்தான் இல்லை? அடுத்த தடவையும் அப்படியே இருக்குமா என்ற சந்தேகம் நம்மைத் தடுத்துவிடுகிறது. வழக்கமாகப் போகிற கடையில் அந்தச் சந்தேகம் எழுவதில்லை. என்ன வரும், எப்படி வரும் என்று படியேறும்போதே தெரியும். அந்த நிச்சயத்தைக் கொடுக்க வேண்டுமானால் கடைக்காரர் ஏதாவது ஒரு விஷயத்தில் முரட்டுப் பிடிவாதம் பிடிக்க வேண்டியிருக்கிறது. லாபம் குறைந்தாலும் விடாத பிடிவாதம். ஒரு கடையில் அது சாம்பாராக இருக்கும், இன்னொன்றில் அடுப்படிச் சுத்தமாக இருக்கும், வேறொன்றில் கிளையே திறப்பதில்லை என்ற முடிவாக இருக்கும்.

ஒரே ருசி என்றால் தினமும் ஒரே அளவைப் போடுவது என்றுதான் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றும். அடுப்படியில் நிற்பவருக்கு உண்மை தெரியும். ஒரே அளவைப் போட்டால் ஒரே ருசி வரவே வராது.

இட்லி மாவைப் புளிக்கவைப்பவை உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள். லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா இனத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது, வாயு மாவை உப்பவைக்கிறது, உளுந்தின் வழவழப்பு அந்தக் குமிழிகள் ஓடிவிடாமல் பிடித்துவைக்கிறது. இதெல்லாம் வெயிலுக்கு ஏற்பத் தாளம் மாறும். மே மாத வெக்கையில் சில மணி நேரத்திலேயே பொங்கி வழிகிற மாவு, மார்கழியில் ராத்திரி முழுக்க வைத்தும் அசையாமல் கிடக்கும். அதனால் கோடையில் மாவு அரைப்பவர் வேலையைத் தள்ளிப்போடுவார், கிரைண்டரில் ஐஸ் தண்ணீர் விடுவார். பனிக்காலத்தில் நேரத்தோடு அரைத்து, அண்டாவை அடுப்புச் சூடு படும் இடமாகப் பார்த்து நகர்த்துவார். மூட்டை மாறி வந்தால் உளுந்து தண்ணீர் குடிக்கும் அளவும் மாறும். கையை விட்டு மாவைத் தூக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இட்லி நேற்று மாதிரியே இருக்க வேண்டுமானால் செய்முறை நேற்று மாதிரி இருக்கக் கூடாது.

சாம்பார் இதைவிடத் தொல்லை பிடித்தது. புதுப் புளி நிறம் கம்மியாக இருக்கும். பழசாக ஆகக் கறுத்துக்கொண்டே போகும், புளிப்பின் குணமும் மாறும். துவரம்பருப்பில் ஒரு மூட்டை மலர்ந்து வேகும், இன்னொன்று வேகாமல் முழுசாக நிற்கும். விலையோ தனிக் கதை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஏறிக்கொண்டே போனபோது, வட, கிழக்கு இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கிளைகள் பல, தரமான தக்காளி கிடைக்கவில்லை என்று அறிவிப்பு ஒட்டிவிட்டு அதை நிறுத்தியே விட்டன. தக்காளி இல்லாத பர்கரும் பர்கர்தான். தக்காளி குறைந்த சாம்பாரை வாடிக்கையாளர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தாலும் அதிகம் பேர் சண்டைக்கு வருவதில்லை. பில்லைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த வாரம் அந்த முகம் கடைக்குள் தென்படாது. ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்குவது இந்த மௌனம்தான்.

விலைக்கும் தரத்துக்கும் நடுவே ஒரு கடை எவ்வளவு தூரம் பிடிவாதமாக இருக்க முடியும் என்பதற்குப் பெங்களூர் லால்பாக் சாலையில் இருக்கும் எம்.டி.ஆர். ஓர் உதாரணம். மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்பது முழுப்பெயர். உடுப்பி வட்டாரத்திலிருந்து பிழைக்க வந்த மையா சகோதரர்கள் 1924இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததால் ரவையில் இட்லி வார்த்துப் பார்த்தார்கள், ரவா இட்லி அப்படித்தான் பிறந்தது என்பது அந்தக் கடை உரிமை கொண்டாடும் வரலாறு. சகோதரர்களில் ஒருவரான யக்ஞநாராயண மையா 1951இல் ஐரோப்பா போனார். ஊர் சுற்றிப் பார்த்ததைவிட அங்குள்ள ஓட்டல்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்ததுதான் அவர் மனதில் நின்றிருக்க வேண்டும். திரும்பி வந்ததும் பாத்திரங்களை நீராவியில் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்தார். சாப்பிட வருகிறவர்கள் சமையலறையையே பார்த்துவிட்டு உள்ளே போகலாம் என்று ஆக்கினார். அடுப்படியைக் கதவு போட்டு மறைத்துவைப்பதே வழக்கமாக இருந்த தொழிலில் இது சின்ன விஷயமல்ல.

நெருக்கடி நிலைக் காலத்தில் அரசு ஓட்டல் பண்டங்களின் விலைக்குக் கட்டுப்பாடு வைத்தது. அந்த விலைக்கு எம்.டி.ஆரின் நெய்யும் முந்திரியும் கட்டுப்படியாகாது. நெய்யைக் குறைத்திருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும். அவர்கள் குறைக்கவில்லை. பழையபடியே செய்து, அரசு சொன்ன விலைக்கு விற்று, ஒவ்வொரு நாளும் எவ்வளவு நஷ்டம் என்பதைப் பலகையில் எழுதி வாசலில் வைத்தார்கள். அப்படி எத்தனை நாள் ஓட்ட முடியும்? கடைசியில் ஓட்டலை மூடிவிட்டு, வேலையாட்களுக்குப் பிழைப்பு வேண்டுமே என்று மசாலாப் பொடி, ரெடி மிக்ஸ் வியாபாரத்தில் முழுமூச்சாக இறங்கினார்கள். அதுவே பெரிய கம்பெனியாகி, 2007இல் நார்வேயின் ஓர்க்லா நிறுவனத்துக்குக் கைமாறியது. ஓட்டலை மட்டும் குடும்பம் கைவிடவில்லை. பல ஆண்டுகள் கழித்து மறுபடி திறந்தபோதும் பழைய வாடிக்கையாளர்கள் வந்தார்கள். தரம் இறங்கிய ஒரு கடைக்கு அந்த வரவேற்பு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

இதே எம்.டி.ஆருக்கு ஆரம்பத்தில் இருந்த பெயர் பிராமின் காபி கிளப். பழைய ஓட்டல்களைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் வேகமாக நடந்து போய்விடுவது வழக்கம். அப்படி வேகமாக நடக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு கடைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டுமென்றால், முதல் தடவை உள்ளே விட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் தமிழ்நாட்டின் காபி கிளப்புகள் பலவற்றில் யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. ரத்னா கபே இருக்கும் அதே திருவல்லிக்கேணியில், முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து 1957இல் பெரியாரின் திராவிடர் கழகம் மறியலில் இறங்கியது. மாதக்கணக்கில் நடந்தது. நாள்தோறும் தொண்டர்கள் வந்தார்கள், கைதானார்கள், மறுநாள் வேறு தொண்டர்கள் வந்தார்கள். கடைசியில் பலகையிலிருந்து அந்தச் சொல் போனது. இன்று எந்த ஓட்டலிலும் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் டோக்கன் வாங்குகிறோம் என்றால், அதற்குள் அந்த மறியலும் இருக்கிறது.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களின் பேட்டை. வேலை தேடியும் வேலை கிடைத்தும் சென்னைக்கு வந்த பிரம்மச்சாரிகள் பத்துக்குப் பத்து அறையில் மூன்று கட்டில் போட்டுக் காலம் தள்ளிய இடம். அவர்களுக்காக முளைத்தவை மெஸ்கள். அக்பர் சாகிபு தெருவில் காசி விநாயகா மெஸ் அந்த வகை. டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். பந்தி பந்தியாகத்தான் உள்ளே விடுவார்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றாக எழுந்திருக்க வேண்டும். கல்யாணப் பந்தியின் ஒழுங்கு அப்படியே இருக்கும், மாப்பிள்ளை வீட்டார் மட்டும் இருக்க மாட்டார்கள். உபசாரம், அலங்காரம், ஏ.சி. எதுவும் எதிர்பார்க்கக் கூடாது. சூடான சோறு, நாளுக்கொரு கூட்டு, பொரியல், கெட்டி மோர். விலை மாதச் சம்பளக்காரனைப் பயமுறுத்தாது. வீட்டை விட்டு வந்தவனுக்கு அது போதும். கல்யாணமாகி மேன்ஷனைக் காலி செய்துவிட்டுப் புறநகரில் வீடு வாங்கிப் போனவர்கள்கூட, அந்தப் பக்கம் வேலை இருந்தால் மதியம் பன்னிரண்டு மணிக்கு அங்கே நிற்கும்படி வேலையைப் பார்த்து அமைத்துக்கொள்வார்கள்.

மயிலாப்பூர் அருண்டேல் தெருவில் ராயர் மெஸ் இருக்கிறது. தேடிக்கொண்டு போகாதவர் கண்ணில் படாத இடம். தலைமுறைகள் தாண்டி நடக்கிறது, பேர் எல்லாருக்கும் தெரியும், நாலு ஊரில் கிளை போட்டிருக்கலாம். போடவில்லை. உள்ளே சில மேசைகள்தான். காலையில் இட்லி, பொங்கல், வடை, கெட்டிச் சட்னி. பொங்கல் தீர்ந்தால் தீர்ந்ததுதான். கூட்டம் இருக்கிறதே என்று இன்னொரு அண்டா ஏற்றுவதில்லை. வெளியே காத்திருப்பவர்கள் உள்ளே சாப்பிடுகிறவரின் வேகத்தைக் கணக்குப் போட்டபடி நிற்பார்கள். காபி வந்துவிட்டது என்றால் அந்த நாற்காலி இன்னும் ஐந்து நிமிஷத்தில் காலி. வியாபாரப் பள்ளியில் படித்த யாரும் இதை ஒரு நல்ல மாதிரி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இரண்டு அண்டா பொங்கலில் இருக்கும் கவனம் இருபது அண்டாவில் இருக்காது என்பது சமைத்தவர்களுக்குத் தெரியும்.

சாப்பாட்டைத் தாண்டிய காரணத்துக்காகவும் ஜனங்கள் ஒரு ஓட்டலுக்குத் திரும்பிப் போவார்கள். கே. கிருஷ்ணராவ் 1962இல் கதீட்ரல் சாலையில் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் அதற்குச் சாட்சி. மரநிழலில் காரை நிறுத்தினால் கார் கண்ணாடியில் தட்டு மாட்டி டிபன் வைப்பார்கள். கார் இல்லாதவர்கள் உள்ளே போய் உட்காரலாம். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் ஒரு காபியை வைத்துக்கொண்டு அன்றைய ரிப்போர்ட்டை எழுதுவார்கள். சினிமாக்காரர்கள் கதை பேசுவார்கள். பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் வகுப்பைத் தவிர அங்கே மற்ற எல்லாம் படித்தார்கள். யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். ஒரு மேசைக்கு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்க்கிற தொழிலில், அந்தத் தாராளம் கடையின் பிடிவாதம். இடம் அரசு கைக்குத் திரும்பி, 2008இல் ஓட்டல் மூடப்பட்டது. அங்கேதான் 2010இல் செம்மொழிப் பூங்கா வந்தது. டிரைவ்-இன்னில் சாப்பிட்ட பட்டூரா நகரத்தில் வேறெங்கும் கிடைக்கும். அந்த மாதிரி உட்கார விடும் இடத்துக்குத்தான் ஜனங்கள் அப்புறம் அலைந்தார்கள்.

சைவ ஓட்டலைப் பற்றி மட்டுமே பேசிவிட்டு முடித்தால் தெற்கே இருப்பவர்கள் சும்மா விட மாட்டார்கள். அண்ணா சாலைப் புகாரி ஓட்டல் 1951இல் ஏ.எம். புகாரி தொடங்கியது. சிக்கன் 65 முதலில் இங்கேதான் பரிமாறப்பட்டது, 1965இல் வந்ததால் அந்தப் பேர் என்று கடை சொல்கிறது. பெயருக்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள், வாயில் போட்ட பிறகு விவாதம் நின்றுவிடும். திண்டுக்கல்லில் 1957இல் நாகசாமி நாயுடு ஆரம்பித்த கடை, அவர் கட்டியிருந்த தலைப்பாகையாலேயே தலப்பாக்கட்டி ஆனது. பாசுமதி ஊரெல்லாம் பரவிய பிறகும் சீரகச் சம்பா அரிசியை விடாதது அதன் பிடிவாதம். குட்டி அரிசி, மசாலாவை உள்ளே இழுத்துக்கொள்ளும், உதிரியாக நின்றாலும் நாக்கில் மெத்தென்று படும். மதுரை சிம்மக்கல் கோனார் கடையில் கறி தோசை. கல்லில் தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி, திருப்பிப் போட்டு வேகவைத்தால் ஒரு ஆளுக்கு ஒன்றே அதிகம்.

செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் ரஹ்மத் கடை. குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்கள் கூட்டம் தாங்காது. உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்னப் பரோட்டா. இலையில் பிய்த்துப் போட்டு மேலே சால்னா, கூட மிளகு தூக்கலாக நாட்டுக்கோழி. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லை போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் 'பார்டர்' என்ற பேர் ஒட்டிக்கொண்டிருப்பதற்குப் பரோட்டாவும் ஒரு காரணம். சென்னையில் 'பார்டர் பரோட்டா' என்று பலகை மாட்டிய கடைகள் நிறைய உண்டு, எந்த பார்டர் என்று கேட்கக் கூடாது.

கடல் தாண்டினாலும் கதை அதிகம் மாறவில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947இலிருந்து இருக்கிறது. 2015 நவம்பரில் இந்தியப் பிரதமர் மோடி வந்தபோது, சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங் அவரைச் சாப்பிட அழைத்துப் போனது அங்கேதான். வானளாவிய கட்டடங்களில் நட்சத்திர ஓட்டல்களுக்குக் குறைவில்லாத ஊரில் விருந்தாளியை எங்கே கூட்டிப்போவது என்ற கேள்விக்கு ஒரு தோசைக் கடை பதிலானது.

இந்தக் கடைகளிலெல்லாம் ருசிக்குச் சமமான இன்னொரு சரக்கு உண்டு. சப்ளையரின் ஞாபகம். "சாருக்குச் சர்க்கரை கம்மி, ஸ்ட்ராங்" என்று அவர் கேட்காமலேயே உள்ளே குரல் கொடுக்கும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்குப் பில்லில் காசு போட முடியாது. ஆனால் அந்த ஞாபகம் வளர வருஷங்கள் வேண்டும், ஆள் நிற்க வேண்டும். இன்று ஆள் நிற்பதில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவது குறைந்து, தமிழக ஓட்டல்களில் அசாம், ஒடிசா, வங்கம், நேபாளத்திலிருந்து வந்த இளைஞர்கள் இலை போடுகிறார்கள், தோசை வார்க்கிறார்கள். "இன்னொரு தோசை முறுகலா" என்பது முதல் மாதத்திலேயே பழகிவிடுகிறது. வாடிக்கையாளரின் முகத்தோடு அவருடைய காபியையும் சேர்த்து ஞாபகம் வைப்பதற்குள் பலர் ஊருக்குப் போய்விடுகிறார்கள், அல்லது அடுத்த தெருவில் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைக்கும் கடைக்குப் போய்விடுகிறார்கள். ஆளை நிறுத்திவைக்க அறை, சாப்பாடு, நேரத்துக்குச் சம்பளம் என்று செலவு செய்கிற முதலாளியின் கடையில் மட்டும் அந்தக் குரல் இன்னும் கேட்கிறது.

செல்போனில் வரவழைத்துச் சாப்பிடும் பழக்கம் இன்னொரு சிக்கல். பிரியாணி பயணத்தைத் தாங்கும், சில நேரம் தம் போட்டது போல இன்னும் நன்றாகக்கூட இருக்கும். தோசை தாங்காது. கல்லிலிருந்து எடுத்த மூன்றாவது நிமிஷத்தில் முறுகல் தளர ஆரம்பிக்கும், மூடிய டப்பாவுக்குள் அதன் ஆவியே அதை நனைத்துவிடும். ஆர்டர் எடுக்கும் நிறுவனத்துக்குக் கமிஷன் கொடுத்த பிறகு மிச்சமாவதும் குறைவு. பேர் பெற்ற பழைய கடைகள் சில இதில் சேராமல் இருப்பதற்குத் திமிர் காரணமில்லை. தளர்ந்த தோசையைத் தின்றவர் திட்டப்போவது டெலிவரிப் பையனையல்ல, கடையைத்தான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

புதுக் கடை ஒன்று திரும்பிப் போகத் தகுந்ததா என்று பார்க்க விரும்புகிறவர்கள் அனுபவஸ்தர்களைக் கவனித்தால் ஒரு முறை கிடைக்கும். அவர்கள் திறப்பு விழாக் கூட்டத்தில் போக மாட்டார்கள். காலை பதினோரு மணி மாதிரி, டிபன் முடிந்து சாப்பாடு தொடங்காத இரண்டுங்கெட்டான் நேரத்தில் போவார்கள். அப்போது வரும் வடை எப்போது பொரித்தது என்பது கடையின் யோக்கியதையைச் சொல்லிவிடும். மசால் தோசை, நெய் ரோஸ்ட் எல்லாம் விட்டுவிட்டு வெறும் இட்லி கேட்பார்கள், நெய்யும் உருளைக்கிழங்கும் மாவின் குறையை மறைத்துவிடும் என்பதால். கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா, தரை காய்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை. இரண்டாவது தடவை சாம்பார் கேட்டால் சப்ளையரின் முகம் எப்படிப் போகிறது என்றும் ஒரு பார்வை. பத்து நாள் கழித்து, வேலை நாள் ஒன்றில், மழை பெய்துகொண்டிருந்தால் இன்னும் நல்லது, மறுபடி ஒரு தடவை. மூன்றாவது முறையும் அதே சட்னி வந்தால் சப்ளையரிடம் பேர் கேட்டு வைத்துக்கொள்வார்கள்.